கை வேர்வையும் ஆவாரம்பட்டையும்

எங்க ஊர்ல பழைய ஆளுங்க மம்பட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கையிலயும் எச்சிலைத் துப்பி, பரபரன்னு தேய்ச்சுக்கிட்டுத்தான் காம்பைப் பிடிப்பாங்க. பாக்குறதுக்கு அசிங்கமா இருக்கும். ஆனா அதுல ஒரு விசயம் இருக்கு. காஞ்ச கை வழுக்கும், கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் பிடி கிடைக்கும். நாய், பூனைக்கெல்லாம் பாதத்துலதான் வேர்க்கும். அதுவும் பிடிமானத்துக்குத்தான்னு சொல்றாங்க. நமக்கும் உடம்புலயே வேர்வைச் சுரப்பி நெருக்கமா இருக்குற இடம் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். அளவா இருந்தா வரம். அளவு தாண்டிப் போனா என்ன பாடுங்கிறதைப் போன வருசம் எங்க வீட்டுலயே பார்த்தேன்.

தங்கச்சி மக பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. சின்னப் பிள்ளையிலேர்ந்தே அவளுக்குக் கை வேர்க்கும். லேசா இல்லைங்க, சொட்டும். உள்ளங்கையை மூடித் திறந்தா மினுமினுன்னு தண்ணி நிக்கும். வீட்டுல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை. "அவளுக்கு அப்படித்தான்"னு விட்டுட்டோம். மார்கழியில வாசல்ல கோலம் போடச் சொன்னா தம்பி மேல தள்ளிவிடுவா. சோம்பேறித்தனம்னு அவங்க ஆத்தா திட்டும். விசயம் என்னன்னா கோலமாவு விரல்ல ஒட்டிக்கிட்டு கட்டிகட்டியா விழுகுது, இழை வராது. பூ கட்டச் சொன்னாலும் அதே கதைதான். நாரு ஊறிப்போகும், மொட்டு கசங்கும். நாங்க இருக்குறது கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஊருங்க. பூ கட்டத் தெரியாத பொம்பளப் பிள்ளைன்னா சொந்தக்காரங்க ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. முளைப்பாரி சமயத்துல கும்மி கொட்டப் பிள்ளைங்க எல்லாம் கையைத் தட்டிக்கிட்டுச் சுத்தும்போது இவ ஓரமா உக்காந்துருப்பா. வயித்துவலின்னு சொல்லுவா.

ரேசன் கடையில ரேகை வைக்குற மிசின் 2020 கடைசியில வந்ததிலேர்ந்து இன்னொரு தொல்லை. வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சு போய் விழாது. இவளுக்கு ஈரத்துல விழாது. தாவணி முந்தானையில துடைச்சுத் துடைச்சு வைப்பா. பின்னாடி நிக்குற ஆளுங்க முணுமுணுப்பாங்க. அதுக்குப் பயந்தே போக மாட்டேன்னு சொல்லிட்டா.

இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. அரைப்பரிச்சை முடிஞ்சு ஒரு நாள் விடைத்தாளைக் கொண்டாந்து காமிச்சா. கை வச்சு எழுதின பக்கம் பூரா நனைஞ்சு, மை பரவி, தாளு அப்பளமாட்டம் நெளிஞ்சு கிடந்துச்சு. ரெண்டு எடத்துல கிழிஞ்சும் போச்சு. "பொதுப்பரிச்சையில இப்படி ஆனா என்ன மாமா பண்றது?"ன்னு கேட்டா. நர்சிங் படிக்கணும்னு அவளுக்கு ஆசை. நாலு மாசத்துக்கும் குறைவாத்தான் நாள் இருந்துச்சு.

இப்படிக் கேட்டதும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. "உடம்புச் சூடு"ன்னு முக்கால்வாசிப் பேரு. வெந்தயத்தை ஊறவச்சுக் குடி, சனிக்கெழமை எண்ணெ தேய்ச்சுக் குளி, இளநி குடி, நன்னாரி குடி. எல்லாம் நல்லதுதான், நானும் வேணாம்னு சொல்லலை. தோப்புல இளநிக்குப் பஞ்சமில்லை (கஜா புயல்ல 2018 நவம்பர் 16 விடியக்காலையில சாஞ்சது போக மிச்சம் நிக்குற மரம் இருக்கே). ஆனா எனக்கு ஒரு சந்தேகம். சூட்டுல வர்ற வேர்வைன்னா சித்திரையில முதுகும் நெத்தியும்தானே வேர்க்கணும்? இந்தப் பிள்ளைக்கு மார்கழிப் பனியில, பல்லு கிட்டுற குளிர்ல, உள்ளங்கை மட்டும் சொட்டுது. அப்புறம் தங்கச்சிகிட்ட ஒண்ணு சொன்னேன், ராத்திரி அவ நல்லாத் தூங்கும்போது கையைத் தொட்டுப் பாரு. பார்த்துட்டு வந்து, "அண்ணே, காஞ்சு கிடக்கு"ன்னுச்சு.

இது முக்கியமான அடையாளம்னு பின்னாடி டாக்டரும் சொன்னாங்க. உள்ளங்கை வேர்வை வெயிலுக்குக் கட்டுப்பட்டது இல்லை, பெரும்பாலும் மனசுக்குக் கட்டுப்பட்டது. பயம், பதட்டம், கவனம் இதுக்கெல்லாம் நரம்பு வழியா உத்தரவு போகும், சுரப்பி திறக்கும். சிலருக்குப் பொறப்புலயே அந்த உத்தரவு ஓங்கி ஒலிக்குது. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி இருக்கும், சின்ன வயசுலயே ஆரம்பிக்கும், தூங்கும்போது நின்னுடும், வீட்டுல வேற யாருக்காவது இருக்கும். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு இப்படி அதிக வேர்வை இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. யோசிச்சுப் பார்த்தா அவ அப்பத்தாவுக்கும் இருந்துச்சு. அந்தக் கெழவி கருக்கருவாளுக்குப் பிடியில துணி சுத்தி வச்சிருக்கும், அவங்க தொட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனா சேத்துல நாத்து நடுற கைக்கு வேர்வை என்ன, தண்ணி என்ன? யாருக்கும் அது ஒரு குறையாத் தெரியலை. பேனாவும் செல்போனும் ரேகை மிசினும் வந்த பிறகுதான் அதே கை நோயாளிக் கை ஆயிருச்சு.

இதுக்கு எதிர்மாறா வயசானப்புறம் புதுசா வேர்க்க ஆரம்பிச்சாலும், உடம்பு பூரா வேர்த்தாலும், தூக்கத்துல சட்டை நனைஞ்சாலும், கூடவே எடை குறைஞ்சாலும், நெஞ்சு படபடத்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. தைராய்டா இருக்கலாம், காசநோயா இருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் குப்புனு வேர்க்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

சரி, பிள்ளை கதைக்கு வர்றேன். ஒரு நாள் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனா, திண்ணையில அம்மி பக்கத்துல ஒரு கொத்து ஊமத்தை இலை கிடக்கு. "இது எதுக்கு?"ன்னேன். சொந்தத்துல ஒரு பெரியவரு சொன்னாராம், ஊமத்தை இலையை அரைச்சு ராத்திரி கையில கட்டுனா மூணு நாள்ல வேர்வை நின்னுரும்னு. அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில போட்டு மண்ணைத் தள்ளிட்டு வந்தேன். தங்கச்சிக்குக் கோவம். "அவரு என்ன தெரியாமயா சொல்லுவாரு?"ன்னுச்சு.

அவரு சொன்னதுல பாதி உண்மைங்கிறதுதான் இதுல உள்ள ஆபத்தே. ஊமத்தைக்கு வேர்வையை நிறுத்துற குணம் உண்டு. அதுல அட்ரோபின்னு ஒரு சரக்கு இருக்கு. அது வேர்வையை மட்டுமா நிறுத்தும்? எச்சிலை நிறுத்தும், கண்ணுல பாப்பாவை விரிக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், உடம்புல சூடு ஏத்தும், அளவு மீறினா புத்தி பிசகிப் பினாத்த வைக்கும், உயிரையும் எடுக்கும். ஒவ்வொரு செடியிலயும், ஒரே செடியில இலை, விதைன்னு ஒவ்வொரு பாகத்துலயும் அதோட அளவு வேற வேற. அரைச்சுக் கட்டின கையால தூக்கத்துல கண்ணைக் கசக்கினாப் போதும். அமெரிக்காவுல மக்காச்சோளக் காட்டுல களையா முளைச்ச ஊமத்தை பட்டு, கண் பாப்பா விரிஞ்சு பார்வை மங்கின விவசாயிகள் கதை டாக்டர் புஸ்தகத்துலயே இருக்கு. பரிச்சை எழுதுற பிள்ளைக்குக் கை காயுறதுக்காகக் கண்ணை மங்க வைக்கணுமா?

இங்க விவசாயிகளுக்கு ஒரு விசயம் சேர்த்துச் சொல்லணும். பூச்சி மருந்து அடிச்சுட்டு வந்தவனுக்குத் திடீர்னு குளிக்காமலே குளிச்ச மாதிரி வேர்த்து, எச்சில் ஊறி, வாந்தி வந்து, கண் பாப்பா ஊசிமுனையாட்டம் சுருங்குச்சுன்னா அது மருந்து ஏறினது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரி மருந்துங்க வேர்வைச் சுரப்பிக்கு உத்தரவு கொடுக்குற சரக்கை உடம்புல அழியவிடாமப் பண்ணிடும், அதான் நிக்காம ஊத்தும். சட்டையைக் கழட்டிச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு 108-ஐக் கூப்பிட்டு ஓடணும். அங்க போடுற ஊசி என்ன தெரியுமா? அதே அட்ரோபின்தான். டாக்டர் நாடியைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அளவு பார்த்துப் போடுறாரு. நம்ம அம்மியில அளவு ஏது? இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் தங்கச்சி சமாதானம் ஆச்சு.

அப்போ வேற என்ன பண்றதுன்னு கேட்டாங்க. நம்ம தரிசுலயே கிடக்குதுன்னு சொன்னேன்.

கறம்பக்குடி பக்கம் செம்மண் சரளையில, வரப்போரத்துல, ரோட்டோரத்துல ஆவாரம் மஞ்சமஞ்சேன்னு பூத்து நிக்கும். மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுற மாலையில பூ சேர்ப்போம், பூவைக் காயவச்சு டீ போட்டுக் குடிக்கிறவங்களும் உண்டு. ஆனா எங்க அய்யா காலத்துல ஆவாரம்னா பட்டைதான். வெட்டிக் கட்டுக்கட்டா வண்டியில ஏத்தித் தோல் ஷாப்புக்கு அனுப்புவாங்க. தென்னாட்டுல தோல் பதனிடுற தொழிலே ஒரு காலத்துல ஆவாரம்பட்டையை நம்பித்தான் இருந்துச்சு. பிறகு தென்னாப்பிரிக்காவுலேர்ந்து வாட்டில் பட்டை வந்து இதைத் தள்ளிருச்சு. கடுக்காயும் அப்படித்தான், தோல் பதனிடுறதுக்காகவே கப்பல் கப்பலாப் போயிருக்கு.

தோலுக்கும் கை வேர்வைக்கும் என்ன சம்பந்தம்? துவர்ப்புதான். பச்சைப் பாக்கையோ காயான நாவப்பழத்தையோ கடிச்சா நாக்கு இழுத்துப் பிடிக்குதுல்ல? டானின்னு சொல்ற அந்தச் சத்து எச்சில்ல இருக்குற புரதத்தைப் பிடிச்சு இறுக்குது. செத்த தோல்ல அதையே பண்ணி அழுகாமக் காப்பாத்துது. உயிருள்ள தோல்ல மேல் படலத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கி, வேர்வை வர்ற துவாரத்து வாயைச் சுருக்குது. உள்ள இருக்குற நரம்பையோ சுரப்பியையோ தொடுறது இல்லை. அதனாலதான் ஆபத்தும் கம்மி, பலனும் ஒரு அளவுக்குத்தான். மேல்தோல் உரிஞ்சு புதுசு வந்ததும் வேர்வையும் திரும்பி வந்துடும். மாசிக்காய், கருவேலம்பட்டை எல்லாத்துக்கும் இதே கணக்குதான். வெள்ளைக்கார நாட்டுல டீத்தூள் தண்ணியில கையை ஊறவைக்கச் சொல்லுவாங்களாம், அதுவும் டானின்தான்.

நாங்க பண்ணின விதம் இது. ஆவாரம் செடியில அடித்தண்டைத் தொடாம, பக்கக் கிளை ரெண்டை வெட்டிப் பட்டையை உரிச்சுக்கிட்டோம். அடித்தண்டுல சுத்திலும் உரிச்சா செடி செத்துப் போகும். ஒரு கைப்பிடி பட்டையை நசுக்கி, கூட நாலஞ்சு கடுக்காய். கடுக்காய்க்கு உள்ள இருக்குற கொட்டையை எடுத்துரணும்னு பெரியவங்க சொல்லுவாங்க, உள்ளுக்குச் சாப்பிடத்தான் அது முக்கியம்னாலும் நாங்களும் எடுத்துட்டோம். ஒரு லிட்டர் தண்ணி ஊத்திப் பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வச்சு, வடிகட்டி, வெதுவெதுப்பா ஆனதும் அகலமான சட்டியில ஊத்தி ரெண்டு கையையும் 20 நிமிசம் வச்சிருக்கணும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம அப்படியே காயவிடணும்.

பாத்திரம் இரும்பா இருக்கக் கூடாது. மொத நாள் தங்கச்சி இரும்புச் சட்டியில வச்சு, தண்ணி கன்னங்கரேல்னு மாறி, பிள்ளை பயந்துருச்சு. பழைய காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துத்தான் எழுதுற மையே காய்ச்சியிருக்காங்க, அன்னபேதின்னா இரும்பு உப்பு. மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். அப்பவும் உள்ளங்கை ஒரு மாதிரி டீக்கறை நிறத்துக்கு மாறத்தான் செய்யும். "மருதாணின்னு சொல்லிக்கிறேன் மாமா"ன்னா. மருதாணியும் சிலர் இதுக்கு வைப்பாங்க. வச்சுப் பார்த்தா, நிறம் பிடிச்ச அளவுக்கு வேர்வை குறையலைங்கிறதுதான் என் அபிப்பிராயம். வைக்கிறதுன்னா இலையை அரைச்சு வைங்க. கறுப்பா பிடிக்கணும்னு கடையில விக்கிற கோன்ல தலைச்சாயத்துக்குப் போடுற ரசாயனத்தைக் கலக்குறான், கொப்புளிச்சுரும்.

பலனை எப்படிப் பார்த்தோம்னா, தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய நியூஸ் பேப்பர்ல கையை அழுத்தி, நனைஞ்ச எடத்தைச் சுத்திப் பேனாவால கோடு போட்டுத் தேதி எழுதி வச்சா. மொத வாரம் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்து நாளைக்கு மேல போனதும் முழுக் கைத்தடம் விழுந்த எடத்துல விரல் நுனியும் உள்ளங்கை மேடும் மட்டும் விழுந்துச்சு. ஊர்த் திருவிழாவுக்கு அஞ்சு நாள் விட்டா, பழையபடி முழுத்தடம். ஆக, வேலை செய்யுது, ஆனா விடாமச் செய்யணும். தோல் வறண்டு விரலிடுக்கு வெடிச்சப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு குறைச்சுக்கிட்டு, காலையில துளி தேங்காயெண்ணெ. புண்ணு, வெடிப்பு, அரிப்பு இருந்தா இதைத் தொடவே கூடாது.

படிகாரத்தையும் சொல்லணும். அது மூலிகை இல்லை, உப்பு. சலூன்ல சவரம் பண்ணிட்டுத் தேய்க்கிற கல்லு, வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுறதும் அதுதான். அதுல அலுமினியம் இருக்கு. தண்ணியில கரைச்சுக் கையில பூசினா அந்த அலுமினிய உப்பு வேர்வைத் துவாரத்து வாயில போய் அடைச்சுக்கிடும். கீறல் இருந்தா எரியும்.

இவ்வளவும் பண்ணியும் எனக்கு மனசு ஆறலை. பரிச்சை விசயம் ஆச்சே. தைப்பொங்கல் முடிஞ்சு புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்த் தோல் டாக்டர் அம்மாகிட்ட காமிச்சோம். என்னைக்கிலேர்ந்து, தூங்கும்போது வேர்க்குதா, வீட்டுல யாருக்கு இருக்குன்னு கேட்டாங்க, தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. அதுல ஒண்ணும் இல்லை. ஆவாரம்பட்டைக் கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டு, "கெடுதல் இல்லை, ஆனா இதைப் போட்டா சீக்கிரம் கேக்கும்"னு அலுமினியம் குளோரைடு போட்ட ஒரு லோசன் எழுதிக் கொடுத்தாங்க. படிகாரத்தோட பெரியண்ணன்னு வச்சுக்கங்க. ராத்திரி படுக்கும்போது, கை நல்லாக் காஞ்சிருக்கும்போது பூசி, காலையில கழுவணும். ஏன் ராத்திரின்னா, தூக்கத்துலதான் வேர்வை நிக்குது, அப்பத்தான் மருந்து துவாரத்துல தங்கும். ஈரக்கையில பூசினா எரியும், பலனும் இல்லை. பட்டைத் தண்ணியையும் இதையும் ஒரே நாள்ல போடக் கூடாதுன்னாங்க.

இதுக்கும் கேக்கலைன்னா, தண்ணித் தட்டுல கையை வச்சு லேசா கரண்ட் விடுற மிசின் இருக்காம். அதை டாக்டர் மேற்பார்வையிலதான் செய்யணும். நம்ம பசங்க பேட்டரியை வச்சு வீட்டுல பண்ணிப் பார்க்கிற வேலையெல்லாம் வேணாம். ஊசி இருக்கு, ஆறேழு மாசம் தாங்கும், விலை ஜாஸ்தி. ஆபரேசனும் இருக்கு, நெஞ்சுக்குள்ள போற நரம்பை வெட்டுறது. கை காஞ்சுரும், ஆனா பலருக்கு அந்த வேர்வை முதுகுலயும் தொடையிலயும் கிளம்பிரும், அப்புறம் திரும்ப முடியாது. பதினேழு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சே வேணாம்னுட்டாங்க அந்தம்மா.

போகும்போது பிள்ளைகிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாங்க போல. பஸ்ல வரும்போது சொன்னா. "வேர்க்குமோன்னு பயந்தா அந்தப் பயத்துக்கே வேர்க்குமாம் மாமா. அதனால வேர்த்தா வேர்க்கட்டும்னு கைக்குட்டையை விரிச்சுட்டு எழுதணுமாம்." பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர்கிட்ட இதைச் சொல்லவும், அவங்களும் ஒண்ணும் எழுதாத வெள்ளைத் துணியா ரெண்டு கொண்டு வா, பரிச்சை ஹால்ல கேட்டா நான் சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அவ அப்பன் பழைய வேட்டியைக் கிழிச்சு அரை டஜன் துண்டு தைச்சுக் கொடுத்தாரு.

மார்ச்சுல பரிச்சை. மொத நாள் தமிழ்த் தாளுக்குத் துணி ரெண்டும் நனைஞ்சுருச்சாம், ஆனா தாளு நனையலை. கடைசி உயிரியல் பரிச்சைக்கு ஒரு துணியே போதுமா இருந்துச்சுன்னா. மார்க்கைப் பத்தி இங்க எழுதினா என்னைத் திட்டுவா. நர்சிங் சேர்ந்துட்டா, அது போதும்.

அங்க இப்ப புதுப் பிரச்சினை, ரப்பர் கையுறை. போட்டுக் கழட்டினா உள்ள குளம். உள்ள பஞ்சு நூல் கையுறை ஒண்ணு போட்டுக்கிட்டு மேல அதைப் போடச் சொல்லியிருக்காங்களாம், லோசன் ராத்திரிக்குத் தொடருது. போன வாரம் போன் பண்ணி, ஹாஸ்டல்ல ரெண்டு பிள்ளைகளுக்கு இதே கை இருக்கு மாமா, காஞ்ச ஆவாரம்பட்டை ஒரு கட்டு அனுப்புங்கன்னா. தெக்குக் கொல்லையில கடலை பிடுங்குற வேலை ஓடிக்கிட்டு இருக்கு. அது முடிஞ்சதும் வரப்போரம் ரெண்டு கிளை கழிச்சு, நிழல்ல காயப்போட்டு, ஊமத்தை கதையையும் ஒரு தாள்ல எழுதி அந்தக் கட்டுலயே வச்சு அனுப்பலாம்னு இருக்கேன்.